எட்மன்டனில் அடித்த வெயில்

பீடோங்கில் தன் அக்காவுக்கு ஒன்றுமே இல்லை என்று உமாராணி வெகுநாளைக்கு முன்பே முடிவு கட்டிவிட்டாள். புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. இழுத்துப் பூட்டினால் ஏன் என்று கேட்க ஆளில்லாத ஒரு தாமான் வரிசை வீடு, அதற்குப் பின்னால் சாக்கடை ஓரமாக நாலு பாத்தி கீரை. இப்படி ஒண்டிக்கட்டையாக இருக்கிறவள் கனடாவுக்கு வந்து தங்கை பிள்ளையைப் பார்த்துக்கொண்டால் யாருக்கு என்ன நட்டம்? யோசித்துப் பார்த்தால் நியாயமாகத்தான் தெரியும். சம்பந்தப்பட்டவளை மட்டும் யாரும் கேட்கவில்லை.

கேட்டிருந்தால் இராசாத்தி வேறு மாதிரிச் சொல்லியிருப்பாள். அம்மா செத்தபோது உமாராணி ஆரம்பப் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தாள். அந்தத் தங்கையை ஆளாக்க இராசாத்தி ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டினாள், தோட்டம் கைமாறியதும் கையுறைத் தொழிற்சாலையில் இராத்திரி ஷிப்டு நின்றாள். பெண் கேட்டு வந்தவர்களுக்கெல்லாம் 'தங்கச்சி படிப்பு முடியட்டும்' என்று சொல்லிச் சொல்லியே கேட்பார் இல்லாமல் போனது. உமாராணி படித்து முடித்து, லூனாஸ்காரன் லோகேஸ்வரனைக் கட்டிக்கொண்டு விமானம் ஏறிய பிறகுதான் இவளுக்கு மூச்சுவிட நேரம் கிடைத்தது. தொழிற்சாலையை விட்டாள். வீட்டுக்குப் பின்னால் சும்மா கிடந்த இடத்தைக் கொத்தி சிறுகீரை, காங்கோங் கீரை, வெண்டை, பயற்றங்காய் என்று போட்டாள். விடியலில் மோட்டாரில் கூடையைக் கட்டிக்கொண்டு பீடோங் காலைச் சந்தைக்குப் போனாள். அங்கே, தேங்காய் வெற்றிலை விற்கிற பாப்பம்மாவுக்குப் பக்கத்தில் அவளுக்கென்று ஒரு மேசை. நாற்பதைத் தாண்டிய பிறகு அமைந்த பிழைப்பு, யாருக்கும் பதில் சொல்ல வேண்டாத பிழைப்பு. அது அவளுக்கு ரொம்பவே பிடித்திருந்தது.

ஆனாலும் தங்கை முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்ததும் அவள் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. பிள்ளை பெற்றவளுக்குப் பந்தாங் பார்க்க ஆள் வேண்டும். பத்தியம் சமைக்க வேண்டும், வெந்நீர் ஊற்ற வேண்டும், காற்றுப் படாமல் காதில் பஞ்சு வைத்துக் காபந்து பண்ண வேண்டும். அம்மா இல்லாத வீட்டில் அதை அக்கா செய்யாமல் யார் செய்வது? தைப்பூசம் முடிந்ததும் திரும்பிவிடுவதாகப் பேச்சு. டிக்கெட்டும் அப்படித்தான் எடுத்திருந்தார்கள். மேசையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிப் பாப்பம்மாவிடம் ஒப்படைத்துவிட்டுக் கிளம்பினாள்.

அவள் எட்மன்டனில் வந்து இறங்கியபோது பனி கொட்டிக்கொண்டிருந்தது. ஊரே மாவு சலித்த அடுக்களை மாதிரி வெளுத்துக் கிடந்தது. முதல் இரண்டு நாள் சன்னலை விட்டு நகராமல் பார்த்தாள், போட்டோ எடுத்துப் பாப்பம்மாவுக்கு அனுப்பினாள். மூன்றாம் நாள் அலுத்துவிட்டது. அதற்குப் பிறகு அந்த மூன்றாவது மாடி வீட்டில் இரண்டு அறையும் ஒரு கூடமும்தான் அவள் உலகம். வெளியே போவதென்றால் லிப்டில் இறங்கி, கட்டடத்துக்கு அடியிலேயே நிற்கும் காடியில் ஏறி, கடை வாசலில் இறங்க வேண்டும். அந்த ஊர்க் குளிர் அவள்மேல் பட்டதெல்லாம் காடிக்கும் கடைக்கும் நடுவில் ஓடிய ஓட்டத்தில்தான். அந்த நாட்களிலெல்லாம் வானம் மூடிக் கிடந்தது.

அவள் வந்த சில நாளில் உமாராணிக்கு ஆண் பிள்ளை பிறந்தது. சமையலும் நினைத்த மாதிரி நடக்கவில்லை. பூண்டும் மிளகும் அரைத்துக் குழம்பு கூட்டி எண்ணெயில் கடுகு போட்டாளோ இல்லையோ, கூரையில் இருந்த புகை மணி ஊரைக் கூட்டியது. லோகேஸ்வரன் ஓடிவந்து நாற்காலியில் ஏறித் துண்டால் விசிறினான். அது ஓய்ந்தால் கருவாட்டுக்கு அலறியது, கருவாடு முடிந்தால் காய்ந்த மிளகாய்க்கு. பிறகு தாளிக்கும்போதெல்லாம் லோகேஸ்வரன் முன்கூட்டியே துண்டோடு நாற்காலியில் ஏறி நிற்கப் பழகிவிட்டான். நல்ல பிள்ளைதான். அவனுக்கிருந்த ஒரே தொல்லை, சூடு வெளியே போய்விடும் என்பது.

"கதவ தொறந்தா ஒடனே சாத்திருங்கக்கா. ஹீட்டர் சூடு பூரா வெளிய போயிரும்," என்று வந்த நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தான். இராசாத்தியும் கதவைத் திறந்த கையோடு சாத்தப் பழகிக்கொண்டாள்.

கை சும்மா இருக்கவில்லை. ஐஸ்கிரீம் டப்பாவில் மண் போட்டு வெந்தயம் விதைத்துக் கூடத்துச் சன்னல் ஓரம் வைத்தாள். சீனன் கடையில் வாங்கிய காங்கோங்கைக் கிள்ளிக் குழம்பு வைத்துவிட்டுத் தண்டைத் தண்ணீரில் போட்டாள், வேர் விட்டது. எல்லாம் முளைத்தன, ஆனால் தேறவில்லை. வெளிச்சம் தேடித் தேடி நூலாக நீண்டு கண்ணாடியில் போய்ச் சாய்ந்தன. பிள்ளையைப் பார்க்க வந்த நர்ஸ்கூட, இந்த ஊரில் வெயில் பற்றாது, எலும்புக்குக் கேடு என்று சொல்லிப் பிள்ளைக்குத் தினம் ஒரு சொட்டு மருந்து கொடுக்கச் சொன்னாள்.

"வெயிலுக்குப் பதிலா சொட்டு மருந்தா?" என்று இராசாத்தி சிரித்தாள். "நம்ம ஊர்ல பச்சப்புள்ளய குளிப்பாட்டி, கால வெயில்ல அப்படியே காட்டிட்டு எடுத்தா போதும்."

"இங்க எங்கக்கா வெயிலுக்குப் போறது?" என்றாள் உமாராணி.

பிள்ளைக்குச் சசிதரன் என்று பெயர் வைத்தார்கள். குளிப்பாட்டுவது, எண்ணெய் தடவுவது, தூளி இல்லாத வீட்டில் காலை நீட்டிப் போட்டு ஆட்டுவது எல்லாம் பெரியம்மாதான். அவள் தோளில் போட்டால்தான் அவன் ஏப்பம் விடுவான், அம்மா தோளில் போட்டால் கக்குவான். உமாராணி அதைப் பார்த்துப் பார்த்துத்தான் இந்த யோசனைக்கு வந்திருக்க வேண்டும்.

பந்தாங் முடிந்து தலைக்கு ஊற்றிய மறுநாள், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னாள். "அக்கா, ஒன் டிக்கெட்ட தள்ளிப் போட்டாச்சு. விசாவ நீட்டிக்கலாம்னு இவரு பாத்துட்டாரு. நான் சீக்கிரமா வேலைக்கிப் போவணும். நீ இந்த வருசம் பூரா இங்கயே இரு."

இராசாத்தி கையில் எடுத்த சோற்றைத் தட்டிலேயே வைத்தாள். "என்னைய ஒரு வார்த்த கேக்கலயே உமா."

"ஒன்னைய என்னா கேக்கறது லா? அங்க ஒனக்கு என்னா இருக்கு? இங்க சசி இருக்கான், நாங்க இருக்கோம்."

"பசார்ல எடம் போயிரும்."

"எடமா? அந்த மேசயா?" உமாராணி சிரித்துவிட்டாள். கெட்ட எண்ணத்தில் சிரிக்கவில்லை. அந்தச் சிரிப்பில் கேலிகூட அதிகமில்லை. சின்னப் பிள்ளை சொப்புச் சாமானுக்கு அழுதால் பெரியவர்கள் சிரிக்கிற மாதிரிச் சிரித்தாள். இராசாத்திக்கு அதுதான் சுருக்கென்றது.

"செலவு எல்லாம் நாங்க பாத்துக்கறோம்கா," என்றான் லோகேஸ்வரன். பேச்சு அதோடு முடிந்தது.

மறுநாள் பாப்பம்மா போனில் கூப்பிட்டாள். அவள் பின்னால் பீடோங் சந்தை இரைந்துகொண்டிருந்தது.

"அங்க ரொம்ப செஜுக்காடி?"

"வீட்டுக்குள்ள இருந்தா குளுரே தெரியல. நீ மேசய சொல்லு."

"என் தேங்கா மூட்டய வெச்சு புடிச்சிக்கிட்டு இருக்கேன். பூச்செடி விக்கறவன் தெனம் வந்து பாத்துட்டுப் போறான். தைப்பூசத்துக்கு அப்பறமும் ஆளு வரலன்னா அவனுக்குத்தான்னு பசார்ல சொல்லிட்டாங்க. பாத்தில வேற ஆடு பூந்திருச்சி. நீ எப்ப வர?"

"வந்துருவேன்," என்றாள் இராசாத்தி. எப்படி என்று அவளுக்கே தெரியவில்லை. கடப்பிதழ் லோகேஸ்வரனின் அலமாரியில் இருந்தது. விமான நிலையம் எந்தத் திசை என்றுகூடத் தெரியாது. சிறை என்று சொன்னால் வாய் அழுகிவிடும், அத்தனை அன்பாகத்தான் வைத்திருந்தார்கள். ஆனாலும் இராத்திரி படுத்தால்  தன்னை யாரோ ஒரு டப்பாவில் போட்டு மூடிவிட்ட மாதிரி இருந்தது. மூன்று தடவை தங்கையிடம் பேச்சை எடுத்தாள். மூன்று தடவையும் உமாராணி பிள்ளையைத் தூக்கி அவள் மடியில் வைத்து, "நீயே பெரியம்மாகிட்ட கேளுடா, போவாதன்னு சொல்லுடா" என்று பேச்சை முடித்தாள்.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு நாள் காலையில் வெயில் அடித்தது.

சும்மா வெயில் இல்லை. வாரக்கணக்காக மூடியிருந்த வானம் துடைத்துவிட்ட மாதிரி நீலமாக இருந்தது. கூடத்துக்குள் பாய்போட்ட மாதிரி வெயில் விழுந்து தரை சுட்டது. இராசாத்தி அதில் கால் நீட்டி உட்கார்ந்து பிள்ளைக்கு எண்ணெய் தடவினாள். முதுகு சுள்ளென்று காய்ந்தது. உடம்பெல்லாம் ஏதோ கட்டு அவிழ்ந்த மாதிரி இருந்தது. எதிர்க் கட்டடத்துப் புகை நூல் பிடித்த மாதிரி நேரே மேலே போனது. காற்று துளியும் இல்லை என்று அதிலிருந்து தெரிந்துகொண்டாள். பந்தாங்கில் பயப்பட வேண்டியது காற்றுக்குத்தானே ஒழிய வெயிலுக்கு இல்லை. வெயில் வந்தால் குளிர் போய்விடும் என்பதை அவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை, பிறந்ததிலிருந்து கண்ட உண்மை. மேகம் இல்லாத நாளில்தான் அந்த ஊர்க் குளிர் உச்சத்துக்குப் போகும் என்பதையும் அவளுக்கு யாரும் சொல்லவில்லை. அது அவர்களுக்கு அவ்வளவு தெரிந்த விஷயம்.

லோகேஸ்வரன் வேலைக்குப் போய்விட்டான். இராவெல்லாம் விழித்த உமாராணி அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கினாள். இராசாத்தி பிள்ளையைப் பாத்தேக் கைலியில் சுற்றித் தோளில் போட்டாள். வெந்தயக் கீரைக்கும் கொஞ்சம் வெயில் படட்டும் என்று டப்பாவை மறு கையில் எடுத்துக்கொண்டாள். பால்கனியின் கண்ணாடிக் கதவை முழங்கையால் தள்ளி வெளியே போனாள். சூடு வீணாகிவிடக் கூடாதே என்று திரும்பி அதை ஒழுங்காக இழுத்துச் சாத்தினாள்.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. முகத்தில் வெயில், எதிரே கண்கூசும் வெள்ளை. டப்பாவைக் கீழே வைத்தாள். பிள்ளையின் மார்பில் வெயில் படக் கைலியை விலக்கினாள். அப்போது மூச்சை இழுத்தாள், மூக்குக்குள் ஈரமெல்லாம் உறைந்து ஒட்டிக்கொண்டது. பிள்ளை வாயைத் திறந்தான், அழுகை வரவில்லை. உள்ளே இழுத்த மூச்சு அப்படியே நின்றுவிட்டது. இராசாத்தி கைலியை மூடிக்கொண்டு கதவை இழுத்தாள்.

கதவு வரவில்லை. உள்பக்கத்துக் கொக்கி தானாக விழுந்திருந்தது.

"உமா," என்று கத்தினாள். கண்ணாடியில் அடித்தாள். வாய் திறந்தால் பல் கூசியது. பிள்ளையைச் சட்டைக்குள் விட்டு, தன் மார்போடு சேர்த்து அழுத்தி, கம்பளிச் சட்டையை அதன்மேல் இழுத்து, மூலையில் குந்தி முதுகை வெளிப்பக்கம் காட்டினாள். ஒரு கையால் பிள்ளையின் தலையை மூடினாள், மறு கையால் கதவை அடித்தபடியே இருந்தாள். காலில் வெறும் காலுறைதான். உள்ளே வெயில் விழுந்த தரையும் எண்ணெய்க் கிண்ணமும் கைக்கெட்டும் தூரத்தில் தெரிந்தன. அப்போது பிள்ளை வீறிட்டான். வாழ்நாளில் எந்தச் சத்தமும் அவளுக்கு அத்தனை இனிப்பாக இருந்ததில்லை.

கீழே காடிக் கண்ணாடியில் பனி சுரண்டிக்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரப் பெண் அந்த அலறலைக் கேட்டு நிமிர்ந்தாள். பார்த்ததும் கையில் இருந்ததைப் போட்டுவிட்டு ஓடினாள். வாசல் மணியை விடாமல் அடித்திருக்க வேண்டும். உமாராணி தலைவிரி கோலமாக அறையிலிருந்து வந்தாள், கூடத்தைப் பார்த்தாள், கண்ணாடிக்கு வெளியே அக்காவைப் பார்த்தாள். எல்லாம் சேர்த்து உலை கொதிக்கிற நேரம்கூட இருக்காது.

பிள்ளைக்கு ஒன்றும் இல்லை. காது மட்டும் சிவந்திருந்தது. ஆஸ்பத்திரியில் தலைமுதல் கால்வரை பார்த்துவிட்டு, நல்லவேளை உடம்போடு சேர்த்து வைத்திருந்தார்கள் என்று டாக்டர் சொன்னார். அதை உமாராணி மொழிபெயர்த்துச் சொல்லவில்லை, லோகேஸ்வரன்தான் சொன்னான். வீட்டுக்கு வந்து பிள்ளையைப் படுக்கவைத்த பிறகு அவள் அக்காவின் முன்னால் வந்து நின்றாள்.

"யாராச்சும் பச்சப்புள்ளய தூக்கிக்கிட்டு இந்த குளுருல வெளிய போவாங்களா?"

"வெயில் அடிச்சிச்சி உமா. புள்ள ஒடம்புக்கு நல்லதுன்னு…"

"நீ ஒண்ண பெத்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

சொன்ன உடனே அவள் முகம் மாறியது. ஆனால் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.  பேன் பார்த்து, சடை பின்னி, முதல் தீட்டுக்குத் துணி மடித்துக் கொடுத்து வளர்த்த பிள்ளை சொன்ன வார்த்தை அது. இராசாத்தி குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, மரத்துப் போயிருந்த கால்விரல்களை வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்தாள். உயிர் போகிற வலி வந்தது. அந்த வலிக்கு அழுவதாக நினைத்துக்கொண்டு அழுதாள்.

சாயந்திரம் லோகேஸ்வரன் திருப்புளியோடு பால்கனிக் கதவுக்கு முன்னால் உட்கார்ந்து அந்தக் கொக்கியைச் சரிபண்ணினான். அது லொடலொடப்பது அவனுக்கு முன்பே தெரியும், சரிபண்ண நேரம் வரவில்லை. அதைப் பற்றி வீட்டில் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. வெளியே டப்பாவில் வெந்தயக் கீரை நிறம் மாறாமல் பச்சையாகவே செத்திருந்தது. எடுத்துக் குப்பையில் போட்டாள்.

அதற்குப் பிறகு வீட்டில் சத்தமில்லாமல் எல்லாம் இடம் மாறின. பிள்ளையை உமாராணியே குளிப்பாட்டினாள். இராசாத்தி வெந்நீர் கொண்டுபோனால், "அங்க வெச்சிருக்கா, நான் பாத்துக்கறேன்" என்றாள். பிள்ளை அழுதால் இராசாத்தி எழுந்திருப்பாள், அதற்குள் தங்கை எழுந்துவிடுவாள். கடைக்குப் போகும்போது பிள்ளையையும் கட்டித் தூக்கிக்கொண்டு போனாள், வீட்டில் விட்டுவிட்டுப் போகவில்லை. ஒரு நாள்கூட முகம் கோணவில்லை, குரல் உயரவில்லை. சாப்பாட்டை நன்றாக இருக்கிறதென்று இரண்டு தடவை சொன்னாள். இராசாத்தி கூடத்தில் உட்கார்ந்து பூண்டு உரித்தாள், உரிக்க வேண்டாத பூண்டையும் உரித்தாள். முன்பு வெளியே போக முடியாத வீடாக இருந்தது, இப்போது உள்ளேயும் போக ஓர் அறை இல்லை.

ஒரு சாயந்திரம் லோகேஸ்வரன் தொண்டையைச் செருமிக்கொண்டு வந்து உட்கார்ந்தான். "அக்கா, கீழ்மாடில ஒரு பஞ்சாபி அம்மா இருக்காங்க. புள்ளைங்கள பாத்துக்கறவங்க. உமா பேசிட்டா. ஒங்கள கட்டாயப்படுத்தி வெச்சிருக்கறது சரியில்லன்னு எங்களுக்கும் தோணிச்சி. டிக்கெட்ட பழய தேதிக்கே மாத்திட்டேன்."

"நீ கேட்டதுதான்கா," என்றாள் உமாராணி. அவள் கண் பிள்ளையின் மேல் இருந்தது. "சந்தோசந்தானே?"

"ஆமா," என்றாள் இராசாத்தி.

பாப்பம்மாவிடம் சொன்னபோது அவள் நம்பவில்லை. "எப்படிடி விட்டாங்க? ஒரு வருசத்துக்கு விட மாட்டாங்கன்ன?"

"கேட்டேன். விட்டாங்க."

"பாத்தியா? தங்கச்சிக்கி ஒன் மேல எவ்வளவு பாசம்."

மேசை கிடைத்துவிட்டது. பூச்செடிக்காரன் வேறு இடம் பார்த்துக்கொண்டான் என்று பாப்பம்மா சிரித்தாள். இராசாத்தி தானும் சிரித்தாள். இத்தனை நாள் எதற்காக நெஞ்சடைத்துக் கிடந்தாளோ அது கைக்கு வந்துவிட்டது. பெட்டியைக் கட்டினாள். இந்தச் சந்தோஷத்தை மட்டும் எந்தப் பக்கமாகப் பிடித்துத் தூக்குவதென்று அவளுக்குப் பிடிபடவில்லை.

புறப்படுகிற அன்று மறுபடியும் பனி கொட்டியது. லோகேஸ்வரன் பெட்டியை எடுத்துக்கொண்டு காடியைச் சூடாக்கக் கீழே போனான். இராசாத்தி குளிருடையை மாட்டிக்கொண்டு கூடத்தில் நின்றாள். உமாராணி பிள்ளையோடு வந்தாள். பிள்ளைக்கு முகம் தெரிய ஆரம்பித்திருந்தது. பெரியம்மாவைக் கண்டதும் காலை உதைத்தான்.

"ஒரு தடவ குடு உமா. தூக்கிட்டுக் குடுத்துர்றேன்," என்று கையை நீட்டினாள்.

 உமாராணி ரொம்ப மெதுவாக, ரொம்பப் பிரியமாகச் சொன்னாள்.

"ஒக்காந்துக்கக்கா. ஒக்காந்துக்கிட்டு தூக்கு."

இராசாத்தி நாற்காலியில் உட்கார்ந்தாள். உமாராணி குனிந்து பிள்ளையை அவள் மடியில் வைத்தாள். வைத்துவிட்டு நிமிரவில்லை. ஒரு கையைப் பிள்ளையின் தலைக்கு அடியிலேயே விட்டுவைத்திருந்தாள்.